முகப்பருவுக்குச் சரியான மருத்துவம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரு என்றாலும் முகக்குரு என்றாலும் நோய் ஒன்றுதான். அதற்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலும் விலை குறைந்தவையும்கூட. அப்படியிருந்தும் பலர் இரண்டு மூன்று வருடம் கையில் கிடைத்ததையெல்லாம் பூசி, கன்னத்தில் குழி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். அந்த இரண்டு மூன்று வருடத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பக்கம்.

பரு எப்படி உண்டாகிறது?

தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும்போது ஹார்மோன் மாற்றத்தால் அது அதிகம் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் வருகின்றன.

இதில் நினைவில் வைக்க வேண்டியது காலக்கணக்கு. இன்று கண்ணாடியில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கியது. ஆகவே வந்த பருவின் தலையில் மட்டும் ஒரு பொட்டு மருந்து வைத்தால், அடுத்து வரக் காத்திருக்கும் பருக்களுக்கு ஒன்றும் ஆகாது. பரு வரும் இடம் முழுவதும் பூச வேண்டும்.

எனக்கு இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் முகம் கழுவி, ஒன்றும் பூசாமல், ஜன்னல் பக்கம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று பாருங்கள். ட்யூப் லைட் அடியில் பார்த்தால் பாதி தெரியாது. பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள்.

ரவை போல நெருநெருவென்று, தோல் நிறத்திலேயே இருப்பவை வெண்புள்ளிகள். வாய் திறந்து கறுத்திருப்பவை கரும்புள்ளிகள். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. சிவந்து லேசாக வலிப்பது அழற்சிப் பரு. நுனியில் மஞ்சளாக இருந்தால் சீழ்ப்பரு. தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு, தொட்டாலே வலித்து, வாரக்கணக்கில் கிடப்பது கட்டிப்பரு. இந்தக் கடைசி வகை ஒன்றிரண்டு இருந்தாலும், ஏற்கெனவே குழி விழத் தொடங்கியிருந்தாலும், வீட்டில் பரிசோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

எந்த வகைக்கு எந்த மருந்து?

புள்ளிகள் மட்டும் என்றால், இரவில் அடாபலின் 0.1 சதவீத ஜெல். இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. மயிர்க்கால் வாயின் அடைப்பைத் திறக்கும், புது அடைப்பு வராமலும் தடுக்கும். ட்ரெட்டினாயின் 0.025 சதவீதமும் இதே வேலையைச் செய்யும், எரிச்சல் சற்று அதிகம்.

சிவந்த பருவும் கலந்திருந்தால் அடாபலினோடு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் சேர வேண்டும். இது பாக்டீரியாவைக் கொல்லும். ஆன்டிபயாடிக் போல பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை. 5, 10 சதவீதம் என்று கூட்டினால் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. இரண்டும் கலந்த ஒரே ட்யூபும் கிடைக்கிறது. பழைய வகை ட்ரெட்டினாயினை மட்டும் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசக் கூடாது. ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம்.

பென்சாயில் பெராக்சைடைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, அது துணியை வெளுத்துவிடும். நிறத் துண்டு, தலையணை உறை, சுடிதார் கழுத்து எல்லாம் திட்டுத் திட்டாகும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, சூட்டில் அது சிதையும். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலோ தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணிலோ வைக்காதீர்கள். எரிச்சல் தாங்காதவர்கள் பூசி 5 முதல் 10 நிமிடம் விட்டுக் கழுவிவிடலாம். அப்படிச் செய்தாலும் பலன் உண்டு.

கிளிண்டாமைசின் 1 சதவீத ஜெல் நம் ஊரில் அதிகம் விற்கிறது. அதைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா பழகிவிடும், பிறகு மருந்து கேட்காது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் பூச வேண்டும். நெஞ்சு, முதுகு வரை சீழ்ப்பரு பரவியிருந்தால் இவற்றோடு ஆன்டிபயாடிக் மாத்திரை சேரும். கட்டிப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை. இந்த இரண்டுக்கும் கீழே தனித்தனியாகப் பதில் இருக்கிறது.

அடாபலின் பூசினால் முகம் உரிந்து எரிகிறது. விட்டுவிட்டேன். வேறு மருந்து உண்டா?

வேறு மருந்து தேடுவதற்கு முன் பூசிய விதத்தைப் பாருங்கள். இந்த மருந்தை விட்டவர்களில் பலர் அளவிலோ வேகத்திலோ தவறியவர்கள்.

முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஒற்றித் துடைத்து, 15 முதல் 20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு ஜெல் போதும். நெற்றியில் ஒன்று, கன்னங்களில் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, நாடியில் ஒன்று என ஐந்து புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். இமை, மூக்கோரப் பள்ளம், உதட்டுக் கடைவாய் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதலில் எரிவது அந்த மூன்று இடமும்தான். மேலே எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை, தோல் ரொம்ப மென்மையானால் மூன்று நாளுக்கு ஒரு முறை. தாங்கிய பிறகு தினமும். அப்போதும் எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் ஜெல், அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் அவசியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பூசும் காலத்தில் முகத்தில் வேக்சிங் கூடாது, தோலே உரிந்து வந்துவிடும். மேலுதட்டில் த்ரெட்டிங் செய்ய வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்துங்கள்.

பூச ஆரம்பித்த மூன்றாவது வாரம் பரு கூடிவிட்டதே?

உள்ளே கிடந்த அடைப்புகள் மேலே வருவதால் சிலருக்கு அப்படி ஆகும். சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் முகம் முழுவதும் வீங்கிச் சிவந்தால், நீர் கோத்துக்கொண்டால், பொறுக்க முடியாமல் அரித்தால் அது ஒவ்வாமை. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எத்தனை நாளில் குணமாகும்?

12 வாரம். அதற்குள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 4 வாரத்துக்கு ஒரு முறை அதே ஜன்னல், அதே நேரம், நேர்முகம் ஒன்று, இடது வலது பக்கம் ஒவ்வொன்று எனப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும். மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் பாதிகூடக் குறையவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டிய நேரம் அது. இரண்டு வாரத்துக்கு ஒரு புது ட்யூப் மாற்றுகிறவர்களுக்கு எந்த மருந்தும் வேலை செய்வதில்லை. அவர்களுடைய தோலில் ஒரு குறையும் இல்லை. எந்த மருந்துக்கும் தேவையான அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆனது. நிறுத்தினால் பரு இரட்டிப்பாக வருகிறது. ஏன்?

ட்யூபை எடுத்து, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் நீங்கள் பூசியது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீமும் இதே கூட்டம்தான். கரும்படலத்துக்கு மருத்துவர் சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து அது. அதை ‘நிறம் கூட்டும் க்ரீம்’ என்று வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் நம் மாவட்டத்தில் எந்தத் தெருவிலும் இருப்பார்கள்.

ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கி, வீக்கத்தை அமுக்கும். அதனால்தான் மூன்று நாளில் பளபளப்பு. அடைப்பு அப்படியே இருக்கிறது. வாரங்கள் போகப் போகத் தோல் மெலிகிறது, மெல்லிய சிவப்பு ரத்த நரம்புகள் தெரிகின்றன, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது, ஒரே அளவில் சிவந்த பருக்கள் கூட்டமாக வருகின்றன. வெயிலில் போனாலோ அடுப்படியில் நின்றாலோ முகம் தீயாய் எரிகிறது. நிறுத்தினால் சில நாளில் எல்லாம் பொங்கி வருவதால் மறுபடி அதே ட்யூபைத் தேடுகிறோம். இந்தச் சுழலுக்காகத்தான் 2018ல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது.

வெளியே வர வழி உண்டு. முதலில் ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்வார்கள், நெடுநாள் பூசியவர்களுக்கு வீரியம் குறைந்ததாக மாற்றி இறக்குவார்கள். நிறுத்திய பிறகு சில வாரம், சிலருக்குச் சில மாதம் முகம் மோசமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர வேறு எதுவும் நீங்களாகப் பூச வேண்டாம். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ டாக்ரோலிமஸ் பூச்சோ எழுதித் தரலாம். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்குத் தோல் பெரும்பாலும் தேறிவிடுகிறது. தயவுசெய்து நடுவில் மனம் உடைந்து பழைய ட்யூபுக்குப் போகாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. தயாரித்தவர் முகவரியோ உரிம எண்ணோ மூலப்பொருள் பட்டியலோ இல்லாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023ல் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு கேரள அரசு ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே விற்ற சரக்கு இங்கே வராது என்று நினைக்க முடியாது. இப்படி ஒரு க்ரீம் பூசுகிறவருக்குக் காலில் நீர் கோத்தாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரை எவ்வளவு நாள் சாப்பிடலாம்?

வழக்கமாகக் கொடுப்பது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. மூன்று மாதத்தில் மறுபடி பார்த்து, நான்கு மாதத்துக்குள் நிறுத்திவிடுவது நல்லது. உடன் பூச்சு மருந்து கட்டாயம் இருக்க வேண்டும். மாத்திரை நின்ற பிறகு பூச்சு தொடரும். மாத்திரையை மட்டும் நம்பினால் நிறுத்திய சில வாரத்தில் பரு திரும்பிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். தூங்கப் போகும் அவசரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். நெஞ்சு எரிந்து, எச்சில் விழுங்கக்கூட வலிக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அசிடிட்டி மருந்து இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை வாங்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட வேண்டும். வெயில் இந்த மருந்தோடு ஒத்துப்போகாது. கடலுக்குப் போகிறவர்கள், கொத்தனார்கள், பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்கள் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் போனால் முகமும் புறங்கையும் வெந்துபோகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை கிடையாது.

ஐசோட்ரெட்டினாயின் ஆபத்தான மாத்திரை என்கிறார்களே?

கவனத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து. அமெரிக்காவில் 1982ல் அனுமதி பெற்றது, நாற்பது வருடத்துக்கு மேலான அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது. கட்டிப்பருவுக்கும், மற்ற மருந்துக்கு அடங்காத பருவுக்கும், தழும்பு விழும் பருவுக்கும் இதற்கு இணையான மருந்து இன்னும் வரவில்லை.

கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். சிகிச்சை முடியும்போது மொத்தம் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது பழக்கமான இலக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 120 மடங்கு என்றால் 6,000 மில்லிகிராம். தினம் 20 மில்லிகிராம் என்றால் 300 நாள், தினம் 40 என்றால் 150 நாள். இடைத்தரமான பருவுக்குத் தினம் 10 அல்லது 20 மில்லிகிராமே போதும் என்று மருத்துவர் தீர்மானிப்பதும் உண்டு. பாதியில் முகம் தெளிந்துவிட்டது என்று விட்டவர்களுக்குப் பரு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பாதிக்கு மேல் வீண். கொழுப்பு உள்ள உணவோடு எடுக்க வேண்டும்; தேங்காய் அரைத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு போட்டால் சரி. தொடங்கும் முன்னும், ஏறக்குறைய இரண்டு மாதத்திலும் கல்லீரல் என்சைம், வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு பார்ப்பார்கள். உதடு காய்ந்து வெடிப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். பெட்ரோலியம் ஜெல்லியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் வறட்சி, மூக்கில் ரத்தம், ஜிம்மில் பாரம் தூக்குகிறவர்களுக்குத் தசைவலி இவையும் வரலாம். டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது, மூளைக்குள் அழுத்தம் ஏறலாம். இதுவே வைட்டமின் ஏ குடும்பம் என்பதால் வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது. கடற்கரைப் பக்கம் வீட்டில் கொடுக்கும் சுறா ஈரல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ நிறைய உண்டு, அதையும் நிறுத்த வேண்டும். மது கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் ரத்த தானம் கூடாது. மனம் மிகவும் சோர்ந்தால், தூக்கம் கெட்டால், வாழ்வு வெறுத்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் கர்ப்பம். வயிற்றில் உள்ள குழந்தைக்கு இந்த மருந்து கடுமையான ஊனம் உண்டாக்கும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. தொடங்கும் முன்னும் மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு முகம் சரியாக வேண்டும் என்று இந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கல்யாணத் தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே நேரம், மருந்தை நிறுத்தி அந்த ஒரு மாதம் கடந்துவிட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்கு இதனால் தடை வராது. ‘இதைச் சாப்பிட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது’ என்ற பேச்சு தவறு.

25 வயதுக்கு மேலும் நாடியிலும் தாடை ஓரத்திலும் பரு. மாதவிலக்குக்கு முன் கூடுகிறது.

மாதவிலக்கு 35 நாளைத் தாண்டிப் போகிறதா, நாடியில் கட்டையான முடி வருகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கலாம், ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும். இவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் 50 முதல் 100 மில்லிகிராம், அல்லது ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை நல்ல பலன் தரும். முதலாவதைக் கர்ப்பத்தில் சாப்பிடக் கூடாது. இரண்டாவது, ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஆகாது. மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தாலும் இந்த மருந்துகள் வேலை செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வருகிறது, அரிக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கூடியது.

அது பரு அல்லாமல் மலாசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். மூன்று அடையாளம்: எல்லாம் ஒரே அளவு, அரிப்பு, கரும்புள்ளி வெண்புள்ளி இல்லாமை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே உண்டு. காற்றில் ஈரம் குறைவதில்லை, வியர்வை காய்வதில்லை. அந்தப் பூஞ்சைக்கு வேண்டியதும் அதுதான். ரப்பர் தோட்ட வேலைக்காரர்கள், ஜிம் போகிறவர்கள், பாலியஸ்டர் சீருடையில் நாள் முழுக்க இருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது.

கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஈர உடம்பில் நுரைத்துப் பூசி, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று நான்கு வாரம். வேலை முடிந்ததும் குளித்துப் பருத்திச் சட்டை மாற்றுங்கள். அடங்காவிட்டால் மருத்துவர் இட்ராகொனசோல் மாத்திரை தருவார். இரண்டும் ஒரே முகத்தில் கலந்தும் இருக்கும்; அப்போது இரண்டுக்கும் மருந்து வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டுமா?

தலையில் தேய்க்கலாம், முகத்தில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மயிர்க்கால் வாயை அடைக்கும் எண்ணெய்களில் ஒன்று. நெற்றியில் மயிரோரமாக வரிசையாய்ப் புள்ளி வருகிறது என்றால் தலையிலிருந்து வழியும் எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து, ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு தூங்கினால் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் போகும்.

மீன், தேங்காய், மரச்சீனி எல்லாம் விட வேண்டுமா?

வேண்டாம். மீன் கறியையும் தேங்காயையும் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. சிலருக்குப் பருவைக் கூட்டுவதாகத் தெரிந்தவை, ரத்தத்தில் சர்க்கரையைச் சடாரென்று ஏற்றும் பேக்கரிப் பண்டங்கள், குளிர்பானம், நாலைந்து தடவை சர்க்கரை போட்ட டீ. பிறகு பால், அதிலும் ஜிம்மில் குடிக்கும் வே புரோட்டீன் பவுடர். ஆறு வாரம் குறைத்துப் பார்க்கலாம். உணவை மாற்றினால் மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது. தசை வளர ஊசி போடுகிறவர்களுக்கு முதுகில் திடீரென்று கடும் பரு வந்தால், ஊசியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எந்த சோப்பு? கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு இரண்டு முறை, அதோடு வியர்த்தால் ஒரு முறை கழுவினால் போதும். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு நுரைக்காது. பிசுக்காகத் தோலிலேயே ஒட்டி எரிச்சலைக் கூட்டும். அந்த ஊர்களில் சோப்பு சேராத சின்டெட் பார் அல்லது திரவ ஃபேஸ்வாஷ் நல்லது. கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஸ்க்ரப், பீர்க்கங்கூடு, எலுமிச்சைச் சாறு, பற்பசை இவை எதுவும் முகத்துக்கு வேண்டாம்.

சித்த, ஆயுர்வேத மருந்து எடுக்கலாமா?

நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பதிவு பெற்ற சித்த மருத்துவர்களும் மாவட்டத்தில் நிறையப் பேர். போவதானால் பதிவு பெற்றவரிடம் போங்கள், நடக்கும் சிகிச்சைகளை இரண்டு பக்கமும் சொல்லுங்கள். பெயர் எழுதாத டப்பாவில் வரும் களிம்பையும் பொட்டலத்தில் வரும் பொடியையும் மட்டும் தவிருங்கள். அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

கர்ப்பமாக இருக்கிறேன்.

அடாபலின், ட்ரெட்டினாயின், ஐசோட்ரெட்டினாயின், டாக்ஸிசைக்ளின், ஸ்பைரோனோலாக்டோன் எதுவும் கூடாது. அசலாயிக் ஆசிட் பூச்சு பொருத்தமானது. பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின் பூச்சுகளை மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

பரு போனாலும் கறுப்பு அடையாளம் போகவில்லையே?

விரலால் தடவிப் பாருங்கள். தோல் சமமாக இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது தழும்பல்ல, அழற்சி விட்டுப்போன நிறம். நம் நிறத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் மறையும். அடாபலினும் அசலாயிக் ஆசிட் 10 முதல் 20 சதவீதமும் அதை விரைவாக்கும். சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் இரண்டும் பிரயோஜனப்படாது. கிள்ளிய பரு கிள்ளாத பருவைவிட அதிகம் கறுக்கும்.

குழி இருந்தால் அது தழும்பு, பூச்சால் நிரம்பாது. ஊசி முனை போல ஆழமான குழிக்கு டி.சி.ஏ. என்ற வீரியமான ஆசிட்டைக் குழிக்குள் மட்டும் வைப்பார்கள். அலை போல அமுங்கிய தழும்புக்குத் தோலுக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும் நார்களை ஊசியால் அறுப்பார்கள். நுண் ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர் ஆகியவை மற்றவற்றுக்கு. எல்லாமே பல அமர்வு, செலவும் உண்டு. புதுப் பரு வருவது நின்ற பிறகே தொடங்க வேண்டும். பரு வந்துகொண்டிருக்கும்போதே லேசர் பேக்கேஜ் விற்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மாவட்டத்தில் எங்கே காட்டுவது? என்ன கொண்டு போவது?

ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு எடுத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தக்கலை, குழித்துறைப் பக்கத்தவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, தேவையானால் அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். தனியாரிடம் போனால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பலகையில் பாருங்கள். அழகுக்கலைச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரக் கேட்டால், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து இருக்கிறதா என்று விசாரிக்க எளிது.

இதுவரை பூசிய எல்லா ட்யூபுகளையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எடுத்த படங்கள், உடல் எடை, கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகள், சாப்பிடும் மற்ற மாத்திரைகள் வேண்டும். காசநோய் மருந்து ஐசோனியாசிட், வலிப்பு மருந்து ஃபெனிடாயின், லித்தியம், ஸ்டீராய்டு மாத்திரை இவை பரு போன்ற புடைப்புகளைக் கொண்டுவரும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

உடனே போக வேண்டியது எப்போது?

பருவோடு காய்ச்சல், மூட்டு வலி வந்து பரு புண்ணாக உடைந்தால். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் கிள்ளிய பரு வீங்கிக் கண் வரை பரவினால். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போது கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால், அல்லது கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால். இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

முகம் தெளிந்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தலாமா?

மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்துங்கள். அடாபலினைத் தொடருங்கள், முதலில் தினமும் இரவு, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு, குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. எண்ணெய்ச் சுரப்பி அதே சுரப்பிதான், அடைப்பு திரும்பத் தொடங்கினாலும் வெளியே தெரியச் சில வாரமாகும். கல்யாணம், பரீட்சை, வெளிநாட்டுப் பயணம் என்று மருந்து விட்டுப்போகும் நாட்கள் வரும். திரும்பத் தொடங்கும்போது பழைய வேகத்தில் தொடங்காமல், இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரு பட்டாணி அளவு என்று முதலிலிருந்து ஏறுங்கள்.